எட்டுக்கால் சில்லும் இரண்டு காதுகளும்

என் காதுகளைப் பற்றி நானே பெருமையடித்துக்கொள்வது நன்றாக இருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே பல வருடங்கள் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஓரகடத்தில் கார்க் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் மோட்டார் செய்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. லைனின் கடைசியில் குளியலறை அளவுக்கு ஒரு அறை உண்டு. மூன்று பக்கமும் சுவரில் ஸ்பாஞ்ச், ஒரு பக்கம் தடித்த கண்ணாடிக் கதவு. அதற்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு மோட்டாரையும் ஓடவிட்டுக் காதால் கேட்க வேண்டும். சத்தம் சுத்தமாக இருந்தால் ஓகே, பச்சை ஸ்டிக்கர். கீச்சென்றோ கரகரவென்றோ ஏதாவது கேட்டால் என்ஜி, சிவப்பு ஸ்டிக்கர். சத்தம் போடும் என்பதால் உள்ளே ஃபேன்கூடக் கிடையாது. வெயில் காலத்தில் சட்டையைப் பிழிந்து காயப்போடலாம். இருந்தாலும் அந்த அறைக்கு ஒரு கெத்து இருந்தது. பிளான்ட் மேனேஜரே வந்தாலும் கண்ணாடியில் தட்டிவிட்டு, நான் தலையசைத்த பிறகுதான் உள்ளே வர முடியும். எனக்கு அப்படித் தலையசைப்பது மிகவும் பிடிக்கும். மோட்டார் ஓடாதபோதும் சில நாள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டி அவரை வெளியே நிற்க வைத்திருக்கிறேன்.

இதற்கு முன்னால் பதினொரு வருடம் பிரஸ் ஷாப்பில் இருந்தேன். தகடு வெட்டுகிற மெஷின் என் இடது கைப்பக்கம் இடித்துக்கொண்டே இருக்கும். அங்கிருந்து இந்த அறைக்கு வந்த அன்று, ஊருக்கு வெளியே குடிவந்தது போல இருந்தது. யாராவது என்னை மறுபடியும் பிரஸ் ஷாப்புக்கு அனுப்பிவிடுவார்களோ என்பதுதான் எனக்கிருந்த ஒரே பயம்.

அனுப்ப ஒரு வழி இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை கம்பெனிக்கு மருத்துவ வேன் வரும். அறையில் உட்கார்கிறவனுக்கு மட்டும் காதுச் சோதனை. இரண்டு காதும் தேற வேண்டும், தேறாவிட்டால் அறை போச்சு. போன வருடம் வேனில் வந்த மெஷின் ஓடவில்லை. "காது கேக்குதா?" என்று கேட்டார்கள். "கேக்குது" என்றேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். இந்த வருடம் வெளியிலிருந்து ஆடிட் வருகிறது, எல்லாம் முறைப்படி நடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். நடக்கட்டுமே என்றேன். என் காதுக்கு என்ன பயம்?

எட்டு மணி நேரம் மோட்டாரைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவன் கொஞ்சம் சத்தமில்லாமல் கிடப்பான் என்று என் மனைவி எதிர்பார்த்தாள். அவளும் தரம் பார்க்கிற வேலைதான், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கைப்பேசி செய்கிற கம்பெனியில். திரையில் முடி அளவு கீறல் இருந்தாலும் பிடித்துவிடுவாள். வீட்டில் என்னையும் அதே பார்வைதான் பார்ப்பாள். மகள் வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகு மணிமங்கலத்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அந்த வெறுமையில்தான் நான் அந்தப் பெட்டியை வாங்கினேன்.

சீட்டுக்கட்டு அளவில் ஒரு அலுமினியப் பெட்டி. ஹெட்போனுக்கான ஆம்ப்ளிஃபயர். கைப்பேசிக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் மாட்டினால் பாட்டு திடமாகக் கேட்கும். செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெட்டியின் விசேஷமே, திறந்து உள்ளே இருப்பதை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான். நான்கு திருகுகளைக் கழற்றினால் உள்ளே மூன்று சாக்கெட்டுகள். நடுவில் இருப்பதில் ஆப்-ஆம்ப் என்கிற சில்லு உட்காரும். இரண்டு பக்கமும் பஃபர் என்கிற சில்லுகள், இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. கல்யாணப் பந்தியை வைத்துச் சொன்னால் எளிது. ஆப்-ஆம்ப் சமையல்காரர். பஃபர் இரண்டும் பரிமாறுகிறவர்கள், இடது வரிசைக்கு ஒருவர், வலது வரிசைக்கு ஒருவர். பரிமாறுகிறவர் வராவிட்டால் அந்த வரிசைக்கு இலையில் ஒன்றும் விழாது.

ஒரு சில்லைப் போட்டால் பாடுகிறவர் ஒரு அடி முன்னால் வந்து நிற்பார், இன்னொன்றைப் போட்டால் பின்னால் தபேலாக்காரர் தெரிவார் என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். வாங்கிப் போட்டுப் பார்த்தேன். வந்தார். தெரிந்தார். அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. ஒரு வருடத்தில் ஆப்-ஆம்ப் ஒன்பது, பஃபர் நான்கு ஜோடி சேர்ந்துவிட்டன. தெர்மாகோல் துண்டு ஒன்றில் சப்பாத்தி சுற்றுகிற ஃபாயிலைச் சுற்றி, அதில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தேன். பார்க்கிறவர்களுக்குக் கரப்பான் பூச்சி வளர்ப்பது போல இருந்திருக்கும். எல்லாம் கறுப்பாக, எட்டுக் கால்களோடு.

சில்லைப் பிடுங்குவதற்கென்று தனியாகக் கருவி விற்கிறது. நான் மனைவியின் புருவம் எடுக்கிற பிளக்கரை எடுத்துக்கொண்டேன். பிடுங்கும்போது கால் வளையும். வளைந்ததை பிளேடால் நிமிர்த்தினால் இன்னொரு கால் வளையும். ஒவ்வொரு சில்லின் ஓரத்திலும் சின்னதாக ஒரு பள்ளம் இருக்கும், சாக்கெட்டில் இருக்கிற பள்ளத்தோடு அது பொருந்த வேண்டும். கம்பெனியில் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் "மார்க்கைப் பாத்துப் போடு, மார்க்கைப் பாத்துப் போடு" என்று தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருப்பதிலேயே உசத்தியான சில்லைத் திருப்பிப் போட்டுவிட்டு, பாட்டு வரவில்லையே என்று ஐந்து நிமிடம் ஹெட்போன் வயரை ஆட்டிக்கொண்டிருந்தேன். தொடைமேல் இருந்த பெட்டி சுட்ட பிறகுதான் உறைத்தது. அந்த நாற்றம் போக ஊதுபத்தி ஏற்ற வேண்டியிருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னலை மட்டும் திறந்துவிட்டாள். அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் எனக்கு எரிச்சல் அதிகமாக வரும்.

அடுத்த வாரம் அவளே அதில் சிக்கினாள். சில்லு தரையில் விழுந்தால் எப்போதும் கால்களை மேலே தூக்கிக்கொண்டுதான் கிடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் வெறுங்காலோடு வந்தவள் நேராக ஒன்றின் மேல் குதிகாலை வைத்துவிட்டாள்.

"இன்னாங்க இது?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள்.

"அப்படியே இரு, அசைக்காத. கால் வளைஞ்சிடும்," என்றேன்.

"யாரு கால்?"

நான் சில்லைத்தான் முதலில் பிடுங்கிப் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டாள். கோபம் வந்தால் என்னை 'சார்' என்று கூப்பிடுவது அவள் வழக்கம்.

"சார், ஒண்ணு கேக்கறன். இத்தன மாத்தறீங்களே, நெஜமாவே வித்தியாசம் தெரியுதா? இல்ல, மாத்தனோம்ன்றதுனால தெரியுதா?"

"நான் காதை வெச்சு சோறு துன்றவன். என் காதுல யாரும் பூ சுத்த முடியாது."

"அப்ப நாளைக்கு எம்எஸ்ஏ வெச்சிடலாம்," என்றாள்.

எம்எஸ்ஏ என்றால் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் லீவு போடுகிறவர்கள் உண்டு. பொருளைச் சோதிக்கிறவனையே சோதிப்பது. முன்பே முடிவு தெரிந்த பத்துப் பீஸ்களை அடையாளம் மறைத்து, வரிசையைக் கலைத்துக் கொடுப்பார்கள். சோதிக்கிறவன் ஒவ்வொன்றுக்கும் ஓகேவா என்ஜியா என்று சொல்ல வேண்டும். அவன் சொன்னதும் உண்மையும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். அவள் கம்பெனியிலும் உண்டு, என் கம்பெனியிலும் உண்டு. மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால் பெரியவர்களைக் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் பேப்பரில் கட்டம் போட்டோம்.

நான் ஜெயித்தால் அவள் ஆயுசுக்கும் இதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. தோற்றால் பெட்டி பரணுக்குப் போக வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிட்ட கையோடு ஆரம்பித்தோம். அவள் மூன்று ஆப்-ஆம்ப்களை எடுத்து முதுகில் டேப் ஒட்டி ஏ, பி, சி என்று எழுதிக்கொண்டாள். முதலில் ஒவ்வொன்றையும் பேர் சொல்லி எனக்குக் கேட்க வைத்தாள். பிறகு என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். மொத்தம் பத்து ரவுண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டு. பெட்டி அவள் மடியில், ஹெட்போன் என் தலையில். அவள் சில்லைப் பிடுங்குவதும் வைப்பதும் எனக்குத் தெரியாது. "ம், கேளுங்க" என்று என் தோளில் தட்டுவாள், நான் கேட்டுவிட்டுச் சொல்வேன்.

சும்மா ஏ, பி என்று சொல்லியிருக்கலாம். நமக்குத்தான் வாய் அடங்காதே. "இது பி. அடிச் சத்தம் நல்லா இறுக்கமா கீது பார்." "இது ஏ. கொஞ்சம் மழமழன்னு கீது, ஆனா உயிர் இல்ல." "சி, சந்தேகமே இல்ல. வீணை தந்தி ஒண்ணொண்ணா எண்ணலாம்." அவள் எழுதிக்கொண்டே வந்தாள். பேனாச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்கூட எனக்கு உற்சாகமாக இருந்தது.

ஏழாவது ரவுண்டில் நான் கண்ணை மூடிவிட்டேன்.

"இதான்," என்றேன். "இதுவரைக்கும் போட்டதுலயே இதான் சுத்தம். பாட்டு ஒரே எடத்துல நிக்குது. கூட்டம் இல்ல, கொழப்பம் இல்ல."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு வலது பக்கமாக வந்து குனிந்து, "நல்லா கேட்டு சொல்லுங்க. ஓகேவா, என்ஜியா?" என்றாள்.

"ஓகேலாம் சின்ன வார்த்த. இத மாஸ்டர் பீஸ்னு எழுதி ஃப்ரேம் போட்டு மாட்டு."

பத்தும் முடிந்தது. திரும்பி உட்கார்ந்து, ஜெயித்தவன் சிரிக்கிற சிரிப்போடு கையை நீட்டினேன். அவள் பேப்பரைத் தந்தாள். ஏழாவதைத் தவிர்த்து ஒன்பதில் மூன்று சரி. கண்ணை மூடிக்கொண்டு மூன்று சீட்டில் ஒன்றை எடுத்திருந்தாலும் அந்த மூன்று வந்திருக்கும். மூக்கு உடைந்துவிட்டது, சரி. ஆனால் அவள் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் புரியவில்லை. இந்த நாளுக்காகத்தானே ஒரு வருடமாகக் காத்திருந்தாள்.

"ஏழாவது இன்னா ஆச்சு? அதுக்கு எதிர்ல ஒண்ணுமே எழுதல?" என்றேன்.

அவள் பெட்டியிலிருந்து ஒன்றைப் பிடுங்கி உள்ளங்கையை விரித்தாள். அதில் ஒரு பஃபர் இருந்தது.

"எம்எஸ்ஏல தெரிஞ்சே ஒரு என்ஜி பீஸ் கலப்போம் இல்ல? தூங்கிகினு சொல்றானா, கேட்டு சொல்றானான்னு பாக்கறதுக்கு. அதான் இது. ஏழாவதுல லெஃப்ட் சைடு பஃபரையே புடுங்கிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே வராது. நேத்து ராத்திரியே இப்படிப் புடுங்கி நான் போட்டு கேட்டுப் பாத்துட்டேன்."

நான் வாதாடினேன். வாதாடாமல் இருக்க எனக்குத் தெரியாது. பாட்டே அப்படிப்பட்ட பாட்டு என்றேன், ஹெட்போனில் கோளாறு என்றேன். அவள் ஹெட்போனை வாங்கி இடது வலது மாற்றி என் தலையில் மாட்டிவிட்டாள். இப்போது பாட்டு வருகிற பக்கம் என் இடது காதில் இருந்தது. இரண்டு தெரு தள்ளி யார் வீட்டிலோ ரேடியோ பாடுவது போல இருந்தது. மறுபடி மாற்றினாள். என் பாட்டு, என் வீணை, எல்லாம் திரும்பி வந்தன, வலது காதில் மட்டும். ஒன்றிரண்டு தடவை அல்ல, எட்டுத் தடவை மாற்றி மாற்றிக் கேட்டேன். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருந்தது. வேன் வருவது வியாழக்கிழமை.

"நாளைக்கே டாக்டரப் பாக்கலாம்," என்றாள்.

"பாத்து? அந்தச் சீட்டு கம்பெனிக்குப் போறதுக்கா? வியாழக்கெழம முடியட்டும்."

அன்று மதியம் இடது காதில் வெதுவெதுப்பாக நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தேன். அழுக்கு அடைத்திருக்கும், இளகி வந்துவிடும் என்று ஒரு நப்பாசை. எண்ணெய்தான் கழுத்து வழியாக வந்து தலையணை உறையை நாசம் செய்தது. அவள் அதை உருவிக்கொண்டுபோய் சோப்பில் ஊறவைத்தாள்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனேன். என் அறைக்குள் நுழைந்ததும் சுவரில் ஒட்டியிருந்த என் படம் என்னையே பார்த்தது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருடம் எங்கள் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர், இந்த அறையில் வேலை செய்யும் முறையை எழுதி ஒட்டினார். தென்காசிப் பக்கத்துப் பெண், வயது இருபத்தாறு இருக்கும், எதையும் அளந்து எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. நான் மோட்டாருக்குப் பக்கத்தில் குனிந்து, தலையை இடது பக்கம் திருப்பி, வலது காதைக் கொடுத்துக் கேட்பதைப் படம் பிடித்து, அதில் சிவப்பு அம்புக்குறி போட்டு, 'தலையை இடப்புறம் 30 டிகிரி திருப்பவும்' என்று எழுதியிருந்தார். அந்தப் படத்தை நான் வாட்ஸ்அப் முகப்பில் வைத்திருந்தேன். புதிதாகப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் அதைப் பார்த்து முப்பது டிகிரி திருப்புவார்கள். சரியாகத் திருப்பாதவனை நான் தாடையைப் பிடித்துத் திருப்பியிருக்கிறேன்.

அது ஸ்டைல் இல்லை, செவிடு என்று திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எனக்குப் புரிந்தது. படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு ஒட்டிய ஒவ்வொரு பச்சை ஸ்டிக்கரையும் இரண்டு தடவை யோசித்து ஒட்டினேன். மோட்டாருக்கு ஒரு காது போதும், அதில் பிழை வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

பிரஸ் ஷாப்பில் எனக்குப் பழைய கூட்டாளி ஒருவன் உண்டு. அவனிடம் மட்டும் டீ நேரத்தில் சொன்னேன். அவன் வேறொரு கம்பெனியில் இந்தச் சோதனையைப் பார்த்தவன்.

"இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற?" என்றான். "பீப் சத்தம் வரும், வந்தா பட்டன அமுக்கணும். அவ்ளோதான் மேட்டரு. மொதல்ல ரைட்டு காதுல வெப்பான். எத்தினி எண்ணிக்கைக்கு ஒருவாட்டி பீப் வருதுன்னு மனசுல எண்ணிக்கோ. லெஃப்ட்டுக்கு வர்றப்ப அதே தாளத்துல அமுக்கிகினே போ. எவன் கண்டான்?"

இதைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. மூன்று நாளும் விரலால் ஒத்திகை பார்த்தேன். குளிக்கும்போது பார்த்தேன். வண்டி ஓட்டும்போது ஹாரன் பட்டனில் பார்த்து, படப்பையில் ஒரு லாரிக்காரரிடம் திட்டு வாங்கினேன்.

வியாழக்கிழமை வேன் வந்தது. உள்ளே ஒரு டெக்னீஷியன், தாடி வைத்தவர், நல்ல மரியாதையாகப் பேசினார். ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் பட்டனைக் கொடுத்து, தனக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னார். வலது காது ஆரம்பித்தது. பீப் வந்தது, அமுக்கினேன். கொசு ரீங்காரம் அளவுக்கு மெலிந்தது, அப்போதும் அமுக்கினேன். கூடவே எண்ணிக்கொண்டும் வந்தேன். நான்கு எண்ணிக்கைக்கு ஒன்று, சில நேரம் ஆறு.

"ரைட் சூப்பர். அடுத்து லெஃப்ட்," என்றார்.

நான் மூச்சை இழுத்துவிட்டு ஆரம்பித்தேன். நான்கு எண்ணி ஒன்று, ஆறு எண்ணி ஒன்று. நடுவில் ஒன்றைத் தவறவிட்டது போலக் கொஞ்சம் தாமதித்து அமுக்கினேன், நம்பும்படியாக இருக்க வேண்டுமே. சொன்னால் சிரிப்பீர்கள், அப்போது எனக்கு உண்மையாகவே பீப் கேட்டது. சன்னமாக, தெளிவாக, நான்கு எண்ணிக்கைக்கு ஒன்றாக இடது காதில் கேட்டது. காது திரும்பிவிட்டது என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

தோளில் ஒரு கை விழுந்தது. ஹெட்போனைத் தூக்கிவிட்டு டெக்னீஷியன் சொன்னார்.

"சார், ஃபோன் வந்துச்சு, பேசிக்கிட்டு இருந்தேன். நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க."

நான் அவர்மேல் பாய்ந்தேன். ஆரம்பிக்காமல் எதற்கு மாட்டிவிட்டீர்கள், டூட்டி நேரத்தில் என்ன ஃபோன் என்று கத்தினேன். அவர் பாவம், ஸாரி சார், ஸாரி சார் என்றார். கத்தி முடிந்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. "வைங்க, இப்ப ஒழுங்கா சொல்றேன்," என்றேன். வைத்தார். பட்டனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் அமுக்குவதற்கு ஒன்றும் வரவில்லை. கடைசியில் இரண்டு வந்தன. அது என்ன அளவு என்று கேட்டேன். அவர் என் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அழுக்கு ஒண்ணும் இல்ல சார். நரம்பு மாதிரி தெரியுது. முன்னாடி சத்தத்துல வேலை செஞ்சீங்களா?" என்றார்.

வேனிலிருந்து சீட்டு போய்ச் சேர்வதற்கு முன்னால் நானே போய் இன்ஜினியரிடம் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, உங்க ஒரு காது போதும்னு எனக்குத் தெரியும். நீங்க விட்ட மோட்டார் ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல. ஆனா ரூல்ல ரெண்டு காதுன்னுல்லா இருக்கு. ஆடிட் வேற வருது. நான் என்ன செய்ய?"

"ரூல்படி செய்யிம்மா," என்றேன்.

பொருள் வந்து இறங்குகிற இடத்தில் ஷாஃப்ட் அளக்கிற வேலைக்கு என்னை மாற்றினார். கேஜ் வைத்து அளப்பது, காதுக்கு வேலை இல்லை, பிரஸ் ஷாப்பும் இல்லை. அந்த அளவுக்கு அவர் எனக்காகப் பார்த்திருக்கிறார். எழுந்து வரும்போது தயங்கிக் கேட்டார்.

"அண்ணே, அந்தத் தலை திருப்புறது இருக்குல்லா. அது எதுக்கு?"

எதற்கென்று சொன்னேன். அவர் மேஜையிலிருந்தே என் அறையின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். உள்ளே எனக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த பையன், இரண்டு காதும் நன்றாக இருக்கிறவன், தலையை முப்பது டிகிரி திருப்பி மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தப் படத்தை மாத்தணும்னா மூணு பேர் கையெழுத்து வேணும்," என்றார். "ஆடிட் முடியட்டும்ணே."

சாயங்காலம் மனைவி கம்பெனி பஸ்ஸில் வந்து ஓரகடம் கூட்ரோட்டில் இறங்கினாள். எப்போதும் போல வண்டியில் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். வண்டியைக் கிளப்பி நடந்ததையெல்லாம் சொன்னேன், அறை போய்விட்டது என்றேன். இனி யாரும் என்னிடம் தட்டிவிட்டு அனுமதி கேட்க மாட்டார்கள் என்றேன். அவளிடமிருந்து சத்தமே இல்லை. ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லக் கூடாதா என்று எரிந்துகொண்டே ஓட்டினேன். சேரப்பணஞ்சேரி தாண்டும்போது தற்செயலாகக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது.

ஓரமாக நிறுத்தினேன். "ஏதாவது சொன்னியா?"

"கூட்ரோட்டுலேர்ந்து சொல்லிகினேதான் வர்றேன்."

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. ஒருபக்கமாக உட்கார்ந்தால் அவள் முகம் என் இடது தோளுக்குப் பின்னால்தான் இருக்கும். அவளும் அதே நேரத்தில் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். வண்டியை விட்டு இறங்கி, என் வலது பக்கம் வந்து நின்றாள்.

"ரெண்டு வருஷமா இந்த வண்டில நான் எது கேட்டாலும் நீங்க 'ம்'முனுதான் சொன்னீங்க," என்றாள்.

"காத்துல கேக்காது. எதுக்குத் திருப்பிக் கேட்டுகினுன்னு 'ம்'னுடுவேன்."

"தங்கச்சி வூட்டுக்கு ஃப்ரிட்ஜக் குடுத்துடலாமான்னு கேட்டேன், 'ம்'மு. அப்புறம் ஃப்ரிட்ஜ் எங்கன்னு குதிச்சீங்க. மாடிக்கு பச்ச பெயிண்டு அடிக்கட்டுமான்னேன், அதுக்கும் 'ம்'மு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பச்சைக்கு நான் போட்ட சண்டை கொஞ்சமில்லை. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஹெல்மெட் வாரைத் திருகிக்கொண்டு சொன்னாள்.

"போன ஆடி மாசம் எங்க கம்பெனில ஓசூர் யூனிட்டுக்கு என்ன லைன் லீடரா கூப்ட்டாங்க. வாரம் ஒருவாட்டி வந்துட்டுப் போலாம், ரூமு அவங்களே தர்றாங்க. போவட்டான்னு இதே ரோட்டுலதான் கேட்டேன். 'ம்'முன்னீங்க. அது 'போ'ன்ற 'ம்'மா, கோவத்துல சொல்ற 'ம்'மான்னு எனக்குத் தெர்ல. வூட்டுக்குப் போனா பேசுவீங்கன்னு பாத்தேன். ரெண்டு நாள் பாத்தேன். நீங்க பெட்டியத் தொறந்து வெச்சிகினு குந்தினு இருந்தீங்க. புடிக்கலபோலன்னு வேணான்னு எழுதிக் குடுத்துட்டேன்."

வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. என் அறை போய்விடுமோ என்று ஐந்து நாளாக நான் எண்ணெய் ஊற்றி, தாளம் எண்ணி, ஒரு அப்பாவி மனிதரிடம் கத்தி, ஊரையே இரண்டாக்கியிருந்தேன். அவளுக்கு வந்த பதவி போய் பத்து மாதம் ஆகிறது. அந்தப் பத்து மாதமும் அவள் எனக்கு இட்லி அவித்துப் போட்டிருக்கிறாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இப்ப கேளு," என்றேன்.

"இன்னாத்த?"

"அதையே கேளு."

"இன்னொரு பேட்ச்சுக்கு ஆள் எடுக்கறாங்கதான்," என்றாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். "ஓசூருக்குப் போவட்டா?"

வலது காதில் ஒரு எழுத்து விடாமல் விழுந்தது. வீட்டில் இனி நான் ஒருவன்தான் என்பதும் அதோடு சேர்ந்து விழுந்தது. 'ம்' சொல்வது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"போ," என்றேன்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"கேட்டுது இல்ல?" என்றேன்.

"கேட்டுது," என்றாள். "இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன்.